கட்டி கப்பலேறுகிறது, கசடு கிணற்றில் இறங்குகிறது!

"குப்பையைப் பொன்னாக்கிவிட்டோம்!" என்று மார்தட்டுகிறார்கள் தென்னை நார் ஏற்றுமதி முதலாளிகள். அன்னியச் செலாவணி கொண்டுவருகிறார்களாம், பூமியைக் காப்பாற்றுகிறார்களாம், ஊருக்கெல்லாம் சோறு போடுகிறார்களாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயத் தொழிலாளி, "ஐயா, எங்கள் கிணற்று நீர் தேத்தண்ணீர் மாதிரி சிவந்துவிட்டதே" என்று வாய் திறந்தால் போதும். உடனே மில் தொழிலாளியைக் கூப்பிட்டு, "பார், இவன்தான் உன் பிழைப்பில் மண் போடுகிறவன்" என்று காட்டுகிறார்கள். அதே மில் தொழிலாளி நாளைக்குக் கூலி உயர்வு கேட்டால், "ஊர்க்காரன் மனுப் போட்டிருக்கிறான், மில்லே இருக்குமோ இருக்காதோ, உனக்குக் கூலி உயர்வு வேறா?" என்று வாயை அடைக்கிறார்கள்.

ஒரே வாய், இரண்டு பேச்சு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. இங்கே கூத்தாடி யார், கொண்டாட்டம் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் தோழர்களே!

எது குப்பை? எது பொன்?

தேங்காய் மட்டையை இயந்திரத்தில் போட்டு அடித்தால் நார் ஒரு பக்கம் வருகிறது, தூள் ஒரு பக்கம் கொட்டுகிறது. ஒரு பங்கு நாருக்குச் சுமார் இரண்டு பங்கு தூள். ஒரு காலத்தில் இந்தத் தூளைச் சீந்துவாரில்லை. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் வட்டாரங்களில் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் கண்ணில் விழும். தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும்.

இன்று அந்தத் தூளைச் சலித்து, கழுவி, களத்தில் காயவைத்து, இயந்திரத்தில் அமுக்கி 5 கிலோ கட்டியாக்குகிறார்கள். 'காயர் பித்' என்று அதற்குப் பெயர். தூத்துக்குடியிலும் கொச்சியிலும் அது கப்பலேறுகிறது. நெதர்லாந்து, ஸ்பெயின், அமெரிக்கா, தென் கொரியா, சீனா என்று பல தேசங்களில் போய் இறங்குகிறது. அங்கே கண்ணாடி வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சின்னக் கட்டி உப்பி, 60 லிட்டருக்கு மேல் பொலபொலவென்று மண்போல ஆகிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்குக் காற்றும் விடும். சீக்கிரம் மக்கியும் போகாது. தக்காளியும் குடைமிளகாயும் ஸ்ட்ராபெரியும் மண்ணே இல்லாமல் அதில் விளைகின்றன.

நல்ல பொருள்தான். அதை யாரும் மறுக்கவில்லை. 2020-21-ஆம் ஆண்டில் இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதி 3,778 கோடி ரூபாய். அதில் சுமார் பாதி இந்தத் தூளின் வரவு. நாரை விற்றதிலும் மிதியடி விற்றதிலும் வராத பணம், குப்பையென்று கொட்டியதில் வந்துவிட்டது.

பொன் வந்தது உண்மை. அது யார் வீட்டுப் பெட்டியில் விழுந்தது என்பதுதான் கேள்வி.

சீமைக்கு ஏன் திடீர்ப் பாசம்?

வெளிநாட்டான் நம் மட்டைத் தூளை ஏன் தேடி வருகிறான்? தென்னை மேல் கொண்ட காதலாலா? இல்லை. இத்தனை காலமும் அவன் தன் தோட்டங்களுக்குப் 'பீட்' என்ற சதுப்பு நிலத்து மக்கலை வெட்டியெடுத்துக் கொண்டிருந்தான். அந்த மக்கல் ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளர்கிறது. ஆயிரம் ஆண்டு சேர்ந்ததைச் சில ஆண்டில் வெட்டித் தீர்த்தால் நிலம் பாழாகும்; அதில் அடங்கிக் கிடந்த கரியமிலம் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும். அவன் நாட்டு ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்பதைத் தடை செய்யப்போவதாக 2022-ல் இங்கிலாந்து அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது.

தன் சதுப்பு நிலத்தை அவன் காப்பாற்றிக்கொள்ளட்டும், நல்லதே. ஆனால் அவன் நிலத்தைக் காப்பாற்ற நம் கிணறு சாகவேண்டுமா? 'பசுமைப் பொருள்' என்ற முத்திரை கட்டியின் மேல் குத்தப்படுகிறது. அந்தக் கட்டி பிறந்த ஊரின் நிறம் என்ன என்று கேட்பாரில்லை.

உப்பு எங்கே போகிறது?

இதுதான் முக்கியமான இடம். இதை மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

மட்டைத் தூளில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் உப்பாக இருக்கின்றன. உப்போடு செடி வைத்தால் வேர் கருகும். எனவே வெளிநாட்டு வியாபாரி கண்டிப்பாகச் சொல்கிறான்: உப்பை எடுத்துவிட்டு அனுப்பு. எப்படி எடுப்பது? நல்ல தண்ணீரை விட்டுக் கழுவவேண்டும். ஒரு தடவை போதாது, மறுபடியும் கழுவவேண்டும். இன்னும் உயர்ந்த சரக்கு வேண்டுமென்றால் கால்சியம் நைட்ரேட் என்ற உரக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். கால்சியம் உள்ளே புகுந்து, ஒட்டிக்கொண்டிருந்த சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளுகிறது. பிறகு இன்னொரு கழுவல்.

இப்போது கேளுங்கள். சுத்தமான தூள் காய்ந்து கட்டியாகிக் கப்பலேறிவிட்டது. வெளியே வந்த உப்பு எங்கே? மிச்சமான நைட்ரேட் எங்கே? மட்டையில் ஊறிய துவர்ச் சாயம் எங்கே? எல்லாம் கழுவிய தண்ணீரோடு இங்கேயே நிற்கின்றன. தரை போடாத களத்தில் விட்டால் மண்ணில் இறங்குகின்றன. மழை பெய்தால் குவியலிலிருந்து ஒழுகி ஓடைக்குப் போகின்றன. மண்ணில் இறங்கியது கிணற்றில் ஏறாமல் எங்கே போகும்?

இந்த நல்ல தண்ணீர்தான் எங்கிருந்து வந்தது? மழை குறைந்த கொங்குச் சீமையின் ஆழ்குழாயிலிருந்து. குடத்தோடு குழாயடியில் காத்து நிற்கும் பெண்களின் பங்கிலிருந்து. லாபம் கப்பலில் போகிறது. உப்பு ஊரில் தங்குகிறது. கழுவும் தண்ணீருக்கும் கெட்ட கிணற்றுக்கும் ஏற்றுமதிக் கணக்கில் ஒரு வரி கிடையாது.

தென்னை நார்த் தொழிலை மாசில்லாத 'வெள்ளை'ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். ஊர் ஜனங்களின் புகார் பெருகிய பிறகு, 2021-ல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை 'ஆரஞ்சு'ப் பட்டியலுக்கு மாற்றியது. அப்போது முதலாளிகள் போட்ட கூச்சல் ஊரறியும். "தொழில் நசிந்துவிடும், தொழிலாளி தெருவில் நிற்பான்" என்றார்கள். தரை போட்ட களமும் கழிவு நீர்த் தொட்டியும் கட்டச் சொன்னவுடன் தொழிலாளி மேல் எத்தனை கருணை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை வேறென்ன?

அந்தக் கருணையின் கூலிக் கணக்கு

அப்படிக் கண்ணீர் வடிக்கிறவர்களின் களத்துக்குள் போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் ஈரத் தூளைப் பரப்பி, புரட்டி, வாரிக் குவிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தூசி மூக்கிலும் நெஞ்சிலும் அடைகிறது. முந்தானைதான் அவர்களுக்கு முகமூடி. மட்டை அடிக்கும் இயந்திரத்தின் வாயருகே நிற்பவன் ஒரு நொடி அசந்தால் கை போய்விடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளி மில் வளாகத்திலேயே தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு கிடக்கிறான். காண்டிராக்டர் மூலம் வந்தவன். பெயர் ரிஜிஸ்தரில் இருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் களம் காயாது. களம் காயாவிட்டால் கூலி கிடையாது. வானம் இருண்டால் முதலாளிக்குக் கப்பல்தான் தாமதம். தொழிலாளிக்கோ அடுப்பே எரியாது.

கயிறு, நார்த் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் தமிழ்நாட்டில் உண்டு. காகிதத்தில் உண்டு. களத்தில் உண்டா என்று கணக்கெடுக்க வருகிற இன்ஸ்பெக்டர் எத்தனை பேர்?

இருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் சுரண்டிவிட்டார்கள். 1948-ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டப்படி மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலாக்கிய புதிய சட்டத் தொகுப்பில் அந்தப் பத்து இருபதாகிவிட்டது. 19 பேரை வைத்து மட்டை அடித்தால் அது தொழிற்சாலையே இல்லையாம்! இயந்திரம் மட்டும் கையை வெட்டுமுன் ஆள் கணக்குப் பார்க்குமா?

நொய்யல் சொல்லும் பாடம்

"அப்படியானால் மில்லை மூடிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் திருப்பூரைப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும்.

அங்கே சாயப்பட்டறைக் கழிவு ஆண்டுக்கணக்கில் நொய்யலில் ஓடிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாயிற்று. விவசாயி கதறினான், கோர்ட்டுக்குப் போனான். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. லாபத்தை அள்ளிய பெரிய ஏற்றுமதிக்காரன் துணியை வேறு ஊருக்கு அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டான். பட்டறைத் தொழிலாளி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். விவசாயிக்கோ, கெட்ட நிலம் மறுநாளே திரும்பிவிடவில்லை. பிறகு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது யார்? சர்க்கார், அதாவது ஜனங்களின் பணம்.

முதலில் ஆற்றைக் கெடுத்தார்கள், பிறகு வேலையைப் பறித்தார்கள், கடைசியில் நம் வரிப்பணத்திலேயே கடன் வாங்கினார்கள். உழைக்கிறவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றதால் வந்த வினை இது. முதல் நாளே சாயத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கைகோத்து, "வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், செலவு உன் லாபத்திலிருந்து" என்று கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்கவேண்டும் என்ற நெறியை வேலூர்த் தோல் ஆலை வழக்கில் 1996-லேயே சுப்ரீம் கோர்ட் ஏற்றிருக்கிறது. நாம் கேட்பது பிச்சையல்ல. தீர்ப்பில் எழுதிய நியாயம்.

நம் தூள் நம் மண்ணுக்கு வேண்டாமா?

இன்னொரு விஷயம். சீமைத் தக்காளிக்கு ஆகிற இந்தத் தூள் நம் வறண்ட காட்டுக்கு ஆகாதா? ஆகும். பச்சைத் தூளை அப்படியே வயலில் கொட்டக்கூடாது. அது மக்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தின்றுவிடும். ஆனால் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் இரண்டு மாதம் வைத்தால் கறுத்த நல்ல உரமாகிவிடும் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ காட்டிக் கொடுத்துவிட்டது. கப்பலும் வேண்டாம், காண்டிராக்டரும் வேண்டாம். பஞ்சாயத்துக்கு ஒரு உரக்களம் வைத்தால் விவசாயத் தொழிலாளிக்கு வேலையும் உண்டு, மானாவாரி நிலத்துக்கு ஈரமும் உண்டு. இதற்குப் பணம் ஒதுக்க ஏன் கைவரவில்லை? டாலர் வராத உரம் சர்க்கார் கண்ணுக்கு உரமாகத் தெரிவதில்லை!

நாம் கேட்பது என்ன?

1. கழுவும் களம் அனைத்துக்கும் கசியாத தரை. கழுவிய நீரைச் சுத்தம் செய்து திரும்பவும் கழுவவே பயன்படுத்தும் ஏற்பாடு. செலவு ஏற்றுமதி லாபத்திலிருந்து. சிறு மில்காரருக்குக் கூட்டுறவு மூலம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்.

2. ஆழ்குழாயில் எடுக்கும் தண்ணீருக்கு மீட்டர். அந்தக் கணக்கு மாதாமாதம் பஞ்சாயத்துப் பலகையில்.

3. கெட்ட கிணற்றுக்கு ஈடு. அதுவரை அந்த ஊருக்கு மில் செலவில் குடிநீர்.

4. இத்தனை பேர் என்ற வரம்பு பாராமல் மில் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ரிஜிஸ்தர், குறைந்தபட்சக் கூலி, ஈ.எஸ்.ஐ., பி.எப்.; இயந்திரத்துக்குக் காப்பு மூடி; மழைநாளுக்குப் பாதிக் கூலி.

5. சுத்தம் செய்யாத குற்றத்துக்காக மில் மூடப்பட்டால், மூடிய நாளுக்கெல்லாம் தொழிலாளிக்கு முழுக் கூலி.

ஐந்தாவது கோரிக்கையைக் கவனியுங்கள். அது எழுத்தில் வந்துவிட்டால், "ஊர்க்காரன் மனுப் போட்டால் உன் வேலை போகும்" என்ற மிரட்டல் அன்றோடு செத்தது. கிணற்றுக்காக மனுப் போடுகிறவனுக்கு மில் தொழிலாளி தைரியமாகச் சாட்சி சொல்லலாம். எந்த ராத்திரியில் எந்த மதகு திறக்கிறது என்பது அவனுக்குத்தானே தெரியும்? மில் தொழிலாளி கூலிக்காக வாசலில் உட்காரும்போது ஊர் ஜனங்கள் கஞ்சிப் பானையோடு வரலாம்.

கயிற்றுத் தொழிலாளியின் சரித்திரம் சின்னச் சரித்திரமல்ல. 1938-ல் ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி மட்டும் கேட்கவில்லை. பொறுப்பாட்சியும் கேட்டு, திருவிதாங்கூர் திவானின் ஆட்சியையே எதிர்த்து நின்றார்கள். நார் பிரித்த கைகள் அவை.

ஒற்றை நாரைக் குழந்தையும் அறுத்துவிடும். திரித்துக் கயிறாக்கினால் தேரையே இழுக்கும். பொள்ளாச்சி மில்லில் மட்டை அடிப்பவனும், காங்கயம் காட்டில் களை எடுப்பவளும், பீகாரிலிருந்து வந்து களத்தில் தூள் புரட்டுபவனும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். இந்த வாரமே உங்கள் ஊரில் இரண்டு சங்கத்தாரும் ஒரே கூட்டமாக உட்காருங்கள். ஐந்து கோரிக்கையையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே கொடியின் கீழ் தாசில்தார் ஆபீசுக்கு நடங்கள்!