துடைக்குமுன் சற்றுப் பொறுங்கள்!

ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரு இயங்குதளங்களை வைத்திருப்போர் உங்களுள் இருக்கலாம். ஒருநாள் விண்டோஸை மீண்டும் நிறுவுகிறீர்கள். பிறகு பார்த்தால் லினக்ஸைக் காணோம்! உடனே, "வன்தட்டைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவு" என்பார்கள் நண்பர்கள். இது தவறான அறிவுரை என்பதே என் கருத்து. என் மாணவர் ஒருவர் இவ்வாறு துடைத்ததில் ஓராண்டுச் சோதனைக் குறிப்புகளை இழந்தார்.

உண்மையில் நிகழ்ந்தது என்ன? பழைய முறையில், வன்தட்டின் முதல் செக்டர் 512 பைட்டுகள் கொண்டது. அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் தட்டின் பகுதிகளைக் காட்டும் அட்டவணைக்கு. மீதி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. அந்தத் தொடக்க நிரலின் இடத்தில் இருந்த 'கிரப்' மீது விண்டோஸ் தன் நிரலை எழுதிவிட்டது. அவ்வளவுதான்! லினக்ஸும் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பெயர்ப்பலகை மாறியதற்காக வீட்டையே இடிப்பார் உண்டோ? பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, கிரப்பை மட்டும் மீண்டும் நிறுவினால் போதும்.

'யுஇஎஃப்ஐ' முறையிலுள்ள இன்றைய பொறிகளில் இரு தளங்களின் தொடக்கக் கோப்புகளும் ஒரு தனிச் சிறு பகுதியில் இருக்கும். அங்கே பெரும்பாலும் தொடக்க வரிசைதான் மாறியிருக்கும். அமைப்புத் திரையில் அதைத் திருத்திவிடலாம்.

ஆனால், லினக்ஸ் இருந்த பகுதியையே நீங்கள் நீக்கியிருந்தால், 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்கள் திரையில் தோன்றக்கூடும். அது வேறு நோய், மருந்தும் வேறு.

ஆகவே, முதலில் திரை சொல்வதைப் படியுங்கள். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டபின் கை வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பதும் இதுவே அன்றோ?