கருச்சேர்க்கை ஆர்வலர் கூட்டமும் கூடிக் கற்றலும்

கல்வி ஒருவன் தனித்திருந்து ஈட்டும் பொருளோ, பலர் கூடியிருந்து பெருக்கும் பொருளோ என்னும் வினா மிகப் பழையது. நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் அதற்குக் கணக்கிட்டே விடை கூறிவைத்தார். ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் எத்துணைச் செவ்வையாகக் கேட்டாலும் காற்பங்கு புலமையே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகி மற்றொரு காற்பங்கு பெறுவான். தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கருத்து. இவ்விதி இலக்கணம் பயில்வார்க்கே உரியது, விஞ்ஞானம் பயில்வார்க்கு ஏலாது என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு, நன்னூலின் பெயரையும் கேட்டறியாத ஒரு கூட்டத்தாரே சான்றாவர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பிற நாடுகளிலும் தத்தம் வீட்டுக் கொட்டிலிலும் நிலவறையிலும் இருந்து அணுக்கருச் சேர்க்கையை நிகழ்த்திவரும் ஆர்வலரே அவர்.

அணுக்கருச் சேர்க்கையாவது, சிறிய அணுக்கருக்கள் இரண்டு கூடி அவற்றினும் பெரிய கரு ஒன்றாதல். ஞாயிற்றின் நடுவே ஏறத்தாழ 1.5 கோடி பாகை வெப்பத்தில் ஐதரசன் கருக்கள் இவ்வாறு கூடி ஈலியமாவதனாலேயே நாம் ஒளியும் வெப்பமும் பெறுகின்றோம். இதனைப் பூமியிற் செய்து மின்சாரம் பெறுதற்கு அரசுகள் பெரும்பொருள் செலவிட்டு வருகின்றன. 2022 டிசெம்பர் 5 ஆம் நாள் கலிபோணியாவிலுள்ள லோறன்ஸ் லிவமோர் ஆய்வுகூடத்தில் 2.05 மெகாயூல் சத்தியுடைய ஒளிக்கற்றைகளைச் செலுத்தி 3.15 மெகாயூல் சத்தியைப் பெற்றனர். ஆயினும் அவ்வொளிக்கற்றைகளை உண்டாக்கச் செலவான மின்சாரம் அதனினும் பன்மடங்கு ஆகும். பேரரசுகளுக்கே இத்துணை அரிதாகிய செயலில், தச்சரும் மின்வினைஞரும் பள்ளிச் சிறுவரும் எங்ஙனம் கைவைத்தனர்?

அதற்குக் காரணமாயினார் பைலோ பார்ன்சுவர்த் என்பார். 1906 இற் பிறந்த அவர் தொலைக்காட்சியை ஆக்கியோருள் ஒருவர். ஐடாகோ மாநிலத்து றிக்பி என்னும் சிற்றூரிற் படித்த காலத்தில், 1922 இல், இலத்திரன் கற்றையினால் உருவத்தை வரிவரியாகப் பிரித்து அனுப்பலாம் என்னும் எண்ணத்தைத் தம் இரசாயன ஆசிரியர் ஜஸ்ரின் ரோல்மனுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அவ்வாசிரியர் சிறுவன் உரையென்று எள்ளவில்லை, இருந்து கேட்டார். பள்ளி வேளைக்குப் புறம்பேயும் அவருக்குப் பாடஞ் சொன்னார். பல்லாண்டு கழித்து, ஆர். சி. ஏ. என்னும் பெரு நிறுவனத்தோடு ஆக்கவுரிமை பற்றி வழக்கு எழுந்தபோது, அவ்வாசிரியரே வந்து தம் மாணாக்கன் அன்று வரைந்ததைச் சான்றாகக் கூறினார். வழக்கும் பார்ன்சுவர்த்துக்குச் சார்பாயிற்று. 1939 இல் அந்நிறுவனம் அவருக்கு உரிமைப்பணம் செலுத்த உடன்பட்டது. அவரே பின்னாளில் இந்தியானா மாநிலத்துப் போட் வேய்ன் நகரிலிருந்த ஐ. ரி. ரி. நிறுவன ஆய்வுகூடத்தில் கருச்சேர்க்கைக் கருவி ஒன்றை அமைத்து 1966 இல் ஆக்கவுரிமை பெற்றார். 1971 இல் அவர் மறைந்தார். அவருடைய கருவி சத்தி தரும் இயந்திரமாக வளரவில்லை. ஆயினும் 1990களின் இறுதியில், வர்ஜினியா மாநிலத்தில் உயரழுத்த மின்சாரத்திற் கை பழகிய ஆர்வலர் சிலர் அதனை மீண்டும் எடுத்தாண்டனர். இன்றைய கூட்டம் அவ்வித்திலிருந்து முளைத்ததாகும்.

கருவியின் அமைப்பு எளிதில் விளங்கத்தக்கது. காற்று அகற்றப்பட்ட உருண்டையான உலோகக் கலம் ஒன்று. அதன் நடுவே தங்குதன் முதலிய கம்பியால் வளைத்த சிறு கூண்டு ஒன்று. கலத்தினுள் தியூத்தேரியம் எனப்படும் பார ஐதரசன் வாயுவை, வளிமண்டல அழுத்தத்தின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே நிற்குமாறு, சிறிது சிறிதாக விடுவர். கூண்டிற்கு 20,000 முதல் 40,000 வரையான உவோற்று எதிர்மின் அழுத்தம் கொடுப்பர். வாயுவின் கருக்கள் கூண்டை நோக்கி விரைந்து பாய்ந்து ஒன்றோடொன்று மோதும். ஓர் உவோற்று அழுத்தத்தினாற் பெறும் வேகம் ஏறத்தாழ 11,600 பாகை வெப்பத்திற்கு நிகராதலின், 20,000 உவோற்று 20 கோடி பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற்கு நிகராம். ஞாயிற்றின் நடுவிடத்து வெப்பத்தையும் மேசைமேலுள்ள கலம் விஞ்சுதல் இவ்வாற்றாலேயாம். மோதுவனவற்றுள் மிகச் சிலவே கூடும். அங்ஙனம் கூடும்போது ஏறத்தாழப் பாதி தடவைகளில் நியூத்திரன் ஒன்று வெளிப்படும்.

இதனால் விளையும் சத்தி எவ்வளவு? நல்ல கருவியொன்று நொடிக்குப் பத்து இலட்சம் நியூத்திரன்களை வெளிவிடுமாயின், கருச்சேர்க்கையால் வந்த சத்தி உவாற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவினதே. அதனைப் பெறுதற்குச் செலவாகும் மின்சாரமோ சில நூறு உவாற்று. ஒரு கைவிளக்கைத்தானும் ஏற்ற உதவாது. "வீட்டில் ஞாயிறு செய்த சிறுவன்" என்று செய்தித்தாள்கள் தலைப்பிடும்போது இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றன. ஆர்வலரோ இதனை மறைப்பதில்லை. உலகிற்கு மின்சாரம் வழங்கப் புறப்பட்டேன் என்று வருவானுக்கு முதலிற் கூறுவதே இக்கணக்குத்தான். பயன் கருதாது கற்க விரும்புவான் இது கேட்டும் நிற்பான். புகழ் விரும்புவான் அகன்றுபோவான்.

இனி, அக்கூட்டத்திற் புதிதாகச் சேருவான் செய்யவேண்டுவன எவை? பட்டமோ பணமோ அவர் வினவுவதில்லை. முன்னையோர் எழுதிவைத்த குறிப்புகளை முதலிற் படித்தல் வேண்டும். படியாது வந்து வினவுவான் கடிந்துரைக்கப்படுவான்; படித்துத் தெளியாத இடத்தை வினவுவானுக்கோ முதியவர் நாட்கணக்காக விடை கூறுவர். அடுத்து, காற்றை அகற்றும் பம்பியை இயக்கவும், மூட்டுகளிற் கசிவு எங்குண்டு என்று தேடவும் பழகுதல் வேண்டும். இஃது ஆர்வத்தைச் சோதிக்கும் படி. ஒரு கசிவைத் தேடித் திங்கள் பல கழித்தோரும் உளர். அதன்பின் பார ஐதரசன் இன்றி, எஞ்சிய காற்றையே தாழ்ந்த அழுத்தத்தில் ஒளிரச் செய்து காட்டுதல் வேண்டும். கூண்டின் நடுவே விண்மீன் போன்ற ஒளி தோன்றும். எனினும் அது கருச்சேர்க்கையாகாது; வாயு மின்னூட்டத்தால் ஒளிர்வதே. இவ்வளவு செய்தானை ஒரு படியில் வைப்பர். நியூத்திரன் காட்டியவனை அதனினும் உயர்ந்த படியில் வைப்பர்.

நியூத்திரன் காட்டுதல் எளிதன்று. நியூத்திரன் மின்னூட்டம் அற்றது, கண்ணுக்கும் புலனாகாது. அதனைக் கணிக்கும் குழாயோ அண்மையிலுள்ள உயரழுத்த மின்சாரத்தின் சிதறலையும் நியூத்திரன் என்றே எண்ணிக் காட்டக்கூடும். ஆதலால் எண்காட்டி ஓடியது என்று ஒருவன் வந்து கூறின் முதியவர் மகிழ்ந்து கைகொட்டுவதில்லை. பார ஐதரசனை நீக்கிவிட்டு அதே உவோற்றளவில் இயக்கிப் பார்த்தாயா? குழாயைச் சுற்றி நியூத்திரன் வேகத்தைக் குறைக்கும் மெழுகை வைத்தும் எடுத்தும் கணித்தாயா? வெள்ளித் தகட்டை அருகே வைத்து அது கதிரியக்கம் பெற்றதா என்று நோக்கினாயா? இவ்வாறு அடுக்கடுக்காக வினவுவர். விடை கூறமாட்டாதவன் திரும்பவும் செய்யவேண்டும். தான் செய்ததைப் பிறர் முன் வைத்து, அவர் ஐயங்களுக்கு ஈடுகொடுத்து நிற்கும்போதே அவன் கல்வி நிரம்புகின்றது. பவணந்தியார் கூறிய அரைப்பங்கு இதுவேயாம்.

இவ்வவையினை வேண்டாமென்று ஒதுக்கியவர் எய்திய இழிவும் வரலாற்றில் உண்டு. ஆசெந்தீனா நாட்டிலே உரொனால்ட் றிக்ரர் என்பவர் வெமுல் தீவில் அரசுப் பணத்தால் மறைவாக ஆய்வு செய்தார். கருச்சேர்க்கையை அடக்கியாளும் வழி கண்டாயிற்று என்று 1951 மார்ச்சு 24 ஆம் நாள் அந்நாட்டதிபர் பெரோன் உலகறிய அறிவித்தார். 1952 இல் விஞ்ஞானிகள் குழு நேரிற் சென்று சோதித்தபோது அக்கூற்று நிலைபெறவில்லை. பட்டம் பெற்ற ஒருவர் ஓர் அரசின் துணையோடு வீழ்ந்த குழியில், பட்டமில்லாத ஆர்வலர் வீழாமைக்குக் காரணம் அவர்தம் வினாக்களேயன்றி வேறில்லை.

இத்தகைய முயற்சி இளைஞர்க்குத் தகாது, தடுத்தலே முறை என்பார் கூற்றையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. 20,000 உவோற்று மின்சாரம் ஒருமுறை தீண்டினும் உயிர் போகும். அழுத்தம் மிகும்போது எக்சுக் கதிர்கள் கலத்தின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெளிப்படும். பார ஐதரசன் தீப்பற்றும் இயல்பினது. பிள்ளையைப் பெற்றவர் அஞ்சுவது முறையே. ஆனால் தடை ஒன்றே காவலாகுமா? மிச்சிக்கன் மாநிலத்து டேவிட் ஹான் என்னும் சிறுவனின் கதை வேறாக உரைக்கின்றது. அவன் நாடியது கருச்சேர்க்கை அன்று, கருப்பிளவு உலையொன்று. புகையுணர் கருவி, விளக்கு மென்தூள்வலை, பழைய மணிக்கூடு ஆகியவற்றிலிருந்து கதிரியக்கப் பொருள்களைத் திரட்டி, தாய் வீட்டுக் கொட்டிலிற் சேர்த்தான். தன்னை ஆசிரியன் என்று காட்டி அரச அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதியே அறிவு பெற்றான். 1994 இற் பொலிசார் அவனைக் கண்டுபிடித்தனர். 1995 இல் அரச அலுவலர் வந்து கொட்டிலைப் பிரித்து, நஞ்சேறிய பொருள்களைப் பீப்பாய்களில் அடைத்து அகற்ற நேர்ந்தது. அறிவுக் குறையால் இது நேர்ந்ததன்று. அருகிருந்து "நில்" என்று சொல்லுதற்கு அறிந்தவர் ஒருவர் இல்லாமையாலேயே நேர்ந்தது.

இதற்கு மறுதலையாக ரெயிலர் வில்சன் என்பவரைக் காண்க. அணுவிஞ்ஞானத்தில் அவருக்கிருந்த வேட்கையும் ஹானுடைய வேட்கையிற் குறைந்ததன்று. ஆனால் நெவாடா மாநிலத்து ரீனோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பௌதிகப் பகுதியின் நிலவறையில் அவருக்கு இடமளித்தார். கைத்தொழில் வல்லார் ஒருவர் உடனின்றார். ஆர்வலர் கூட்டத்து முதியவரும் வழிகாட்டினர். 2008 இல், 14 வயதில், அவர் கருச்சேர்க்கையை நிகழ்த்தினார், தீங்கொன்றும் நேரவில்லை. ஒரே நாடு, ஒத்த வயது, ஒத்த வேட்கை, வேற்றுமை துணையில்மட்டுமே. திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்தது அரசர்க்காயினும், வேட்கை மிக்க இளைஞர்க்கும் அது பொருந்துவதேயாம்.

ஆகவே, ஆபத்தான வினா ஒன்றைக் கொண்டுவரும் மாணாக்கனுக்கு இரண்டு விடைகள் தகாதன என்பேன். ஒன்று, "உனக்கேன் இது? பரீட்சைக்கு வருவதைப் படி" என்று வாயடைத்தல், மற்றது, கேளாமலே புகழ்ந்து மாலை சூட்டுதல். முன்னது அவனைக் கொட்டிலுக்குத் துரத்தும். பின்னது அவனைச் சோதனைக்கு அஞ்சுவானாக்கும். அவனினும் ஒரு படி முன் சென்றவரிடம் அவனை அழைத்துச் செல்லுதலே தக்க விடை.

நம் மாணவருக்கு அணுக் கருவி வேண்டும் என்று நான் கூறவில்லை. அக்கூட்டத்தாரின் ஒழுகலாறு வேண்டும் என்பதே என் கருத்து. பல்கலைக்கழகம் புகும் போட்டி மிக்க இக்காலத்தில், தன் குறிப்புப் புத்தகத்தை அயலிருப்பவனுக்குக் காட்டாது மறைப்பதே திறமை என்று நம் பிள்ளைகள் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். செய்முறைப் பயிற்சியில் விடை பிழைத்தால், ஏன் பிழைத்தது என்று ஆராயாது, வரவேண்டிய விடையை எழுதிவிடுதலும் உண்டு. இவ்விரு பழக்கமும் அவர்தம் புலமையில் முக்காற்பங்கைக் கவர்ந்து கொள்கின்றன. மறைப்பவன் உடன் பயில்வார் பங்கை இழக்கின்றான். தான் செய்யாததை எழுதுபவன் பிறர்முன் விரித்துரைக்கும் பங்கை இழக்கின்றான்.

பழைய மாணவர்களே, நும்முள் எந்திரவியலாளர் உளர், வைத்தியர் உளர், மின்வினைஞரும் கமக்காரரும் உளர். கல்லூரிக்கு நீவிர் அளித்த கட்டடங்களை நன்றியுடன் நினைக்கின்றோம். இவ்விழா ஆண்டில் அதனினும் செலவு குறைந்த கொடை ஒன்றை வேண்டுகின்றேன். திங்களுக்கு ஒரு பிற்பகல் வந்து விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகளோடு இருங்கள். விரிவுரை வேண்டா. அவர்கள் செய்ததைக் காட்டும்படி கேளுங்கள், "எப்படி அறிந்தாய்?" என்று வினவுங்கள், விடை போதாதெனின் மறுமுறை செய்யுமாறு சொல்லுங்கள். மாணவர்களே, அவர் வினவும்போது முகம் வாடாதீர்கள். நும் சொல்லை ஒருவர் சோதிக்கின்றாரெனின், அதனைப் பொருட்படுத்தத்தக்க சொல்லாக மதித்தார் என்பதே பொருள்.