ஹோஸ் கழன்றதற்குச் சாரதியா பொறுப்பு?

2024ஆம் ஆண்டு வைகாசி மாதம், காண்டாவன வெயில். ஏ9 வீதியில் ஓமந்தைக்கு அண்மையில், தம்புள்ளைச் சந்தைக்குப் பப்பாசிப்பழம் ஏற்றிச் சென்ற லொறியொன்று வீதியோரம் நின்றது. எஞ்சின் இயங்கியது. ஆனால் அக்சிலேற்றரை மிதித்தால் முன்னால் பெரிய இரைச்சலும் பின்னால் கரும்புகையும் வந்தனவே தவிர, பாரத்தை இழுக்கும் வலு இல்லை. ரேர்போவில் இருந்து இன்ரர்கூலருக்குப் போகும் தடித்த ஹோஸ் கழன்று தொங்கியது. அதன் வாய் கிழிந்திருந்தபடியால், வவுனியாவில் இருந்து வேறொன்று வந்து சேர ஐந்து மணித்தியாலம் ஆயிற்று. படங்கின் கீழ் வெந்த பழம் சந்தையில் அரை விலைக்கும் போகவில்லை.

கூடி நின்றவர்கள் வெயிலைக் குறை சொன்னார்கள். லொறி உரிமையாளர் சாரதியைக் குறை சொன்னார். அந்தப் பயணத்துக்குரிய கூலியில் ஒரு பகுதியைக் கழித்தும் விட்டார். இரண்டு தீர்ப்புமே பிழையானவை என்பது என் கருத்து.

ரேர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளிலும் பொருத்தப்பட்ட இரண்டு சிறு விசிறிகள். எஞ்சினில் இருந்து வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். பாரத்துடன் இழுக்கும்போது ரேர்போவை விட்டு வரும் காற்று 100 பாகை செல்சியசைத் தாண்டி 150 பாகை வரையும் போகலாம். சூடான காற்று ஐதானது. அதில் எரிபொருளை எரிக்கத் தேவையான ஒட்சிசன் குறைவு. ஆகவேதான் ரேடியேற்றருக்கு அருகே உள்ள இன்ரர்கூலரில் அதை ஆறவைத்து எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். ரேர்போவையும் இன்ரர்கூலரையும் எஞ்சினையும் தொடுப்பவை இந்த ஹோஸ்களே.

வெயிலின் பங்கு இதில் எவ்வளவு? காலையில் 25 பாகைக் காற்றை இழுத்த எஞ்சின் மத்தியானம் 36 பாகைக் காற்றை இழுக்கிறது. இன்ரர்கூலரும் அந்த அளவுக்குக் குறைவாகவே ஆற்றும். வைக்கோல் தூசியும் பூச்சிகளும் அதன் இடுக்குகளை அடைத்திருந்தால் இன்னும் குறையும். எனினும் இந்தப் பத்துப் பதினைந்து பாகை வித்தியாசம் ஒரு நல்ல ஹோஸைக் கழற்றி எறியாது. முன்னரே தளர்ந்திருந்ததை வெயில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றுவது அமுக்கம். சிறு கணக்கொன்று பார்ப்போம். 70 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய் வாயின் பரப்பு ஏறக்குறைய 38 சதுர சென்ரிமீற்றர். உள்ளே இருக்கும் அமுக்கம் 1.5 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான தள்ளுவிசை. மொத்தம் 58 கிலோவுக்குக் குறையாது. ஒரு சீமெந்து மூடையை விடக் கூடிய பாரம், சாரதி மிதிக்கும் ஒவ்வொரு முறையும், ஹோஸைக் குழாயில் இருந்து இழுத்துக் கழற்றப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உலோகத்துக்கும் ஹோஸுக்கும் இடையிலுள்ள பிடிமானம் ஒன்றே.

அந்தப் பிடிமானத்தைக் கெடுக்கும் முதல் எதிரி ஓயில். பழைய எஞ்சின்களில் பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு, ஓயில் ஆவியையும் சுமந்துகொண்டு பிறீதர் குழாய் வழியாக ரேர்போவின் வாய்க்குப் போய்ச் சேருகிறது. ரேர்போவின் சீல் தேய்ந்திருந்தால் அங்கிருந்தும் கசியும். இந்த ஓயில் ஹோஸின் உட்புறத்தில் படலமாகப் படிகிறது. சாதாரண இறப்பர் ஓயிலில் ஊறினால் பருத்து மெதுமெதுப்பாகிவிடும். சூடு தாங்கும் சிலிக்கோன் ஹோஸ்களும், ஓயிலைத் தடுக்கும் உட்பூச்சு இல்லாதவையாயின், காலப்போக்கில் பழுதாகும். அதற்கு முன்னரே வழுக்கல் தொடங்கிவிடும். ஓயில் பூசிய கையால் போத்தல் மூடியைத் திறந்து பாருங்கள், விளங்கும்.

இங்கேதான் நம்மவர்கள் வழமையாகச் செய்யும் பிழை வருகிறது. ஹோஸ் ஒருமுறை கழன்றதும் கிளிப்பை மேலும் இறுக்குகிறார்கள். மறுமுறை கழன்றால் இரண்டாவது கிளிப் ஒன்றைப் போடுகிறார்கள். பிறகு கட்டுக்கம்பி. உள்ளே ஓயில் இருக்கும்வரை எத்தனை கிளிப் போட்டாலும் ஹோஸ் வழுக்கத்தான் செய்யும். அளவுக்கு மீறி இறுக்கிய கிளிப் ஹோஸை வெட்டவும் செய்கிறது. ஓமந்தையில் கிழிந்திருந்த வாயைப் பார்த்தேன். பட்டியின் விளிம்பு பதிந்த இடத்திலேயே அது கிழிந்திருந்தது.

ஹோஸைக் கழற்றி, குழாயின் முனையையும் ஹோஸின் உட்புறத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே மாட்ட வேண்டும். பெற்றோலால் இறப்பரைத் துடைப்பது கூடாது. மாட்டுவதற்குச் சுகமாக இருக்கும் என்று கிறீஸ் பூசுவோர் தாங்களே அடுத்த கழறலுக்கு வழி செய்கிறார்கள். குழாய் முனையைச் சுற்றி ஒரு வரம்பு இருக்கும். ஹோஸ் அந்த வரம்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளிப் வரம்பின் மேல் அல்லாமல் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். வரம்பின் மேலேயே இறுக்கப்பட்ட கிளிப்புகளைக் கராஜ் வாசலிலேயே கண்டிருக்கிறேன்.

கிளிப்பின் வகையும் முக்கியம். திருப்புளியால் இறுக்கும், பல் வெட்டிய மெல்லிய பட்டிக் கிளிப் ரேடியேற்றர் ஹோஸுக்குப் போதும். இங்கே தேவைப்படுவது போல்ட்டால் இறுக்கும் அகலப்பட்டிக் கிளிப். அதிலும் ஸ்பிறிங் பொருத்தியது சிறந்தது. ஹோஸ் சூட்டில் விரிந்து இரவில் சுருங்குகிறது. பல முறை இப்படி நடந்தபின் கிளிப்பின் கீழ் அது நிரந்தரமாகவே நசுங்கிவிடும். சாதாரணக் கிளிப் அப்போது தளர்ந்து நிற்கும். ஸ்பிறிங் உள்ளது கூடவே சுருங்கிப் பிடிக்கும். எந்தக் கிளிப்பையும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே இறுக்க வேண்டும். புது ஹோஸ் போட்டால் சில நாள் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பலரும் பார்க்கத் தவறும் வேறொன்றும் உண்டு. இன்ரர்கூலர் லொறியின் சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது. எஞ்சினோ இறப்பர் மவுண்டிங்குகளின் மேல் அசைகிறது. மவுண்டிங் இற்றுப்போயிருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் எஞ்சின் குலுங்கி ஹோஸை இழுக்கும். அடிக்கடி ஒரே ஹோஸ் கழன்றால் கிளிப்பை விட்டு மவுண்டிங்கைப் பாருங்கள்.

கழன்ற பின்னும் "மெல்ல மெல்ல" ஓட்டிச் செல்வோர் பெரிய செலவுக்கு ஆளாகிறார்கள். எதிர் அமுக்கம் இல்லாத ரேர்போ அளவுக்கு மீறி வேகமாகச் சுழலும். எஞ்சின் பக்கத்துக் குழாய் வாய் திறந்து கிடந்தால் எயர் பில்ரரைக் கடக்காத காற்று நேரே உள்ளே போகும். வன்னியின் செம்மண் தூசி எஞ்சினுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை மெக்கானிக் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓமந்தையில் அந்தச் சாரதி லொறியை நிறுத்தியது உரிமையாளருக்குச் செய்த உபகாரம்.

அவர் என்னிடம் சொன்னது இன்னொன்று. அந்த ஹோஸின் மூட்டில் ஓயில் ஈரம் தெரிகிறது என்று அதற்கு முன் இரண்டு தடவை உரிமையாளரிடம் கூறியிருக்கிறார். "இந்த நடை முடியட்டும்" என்பதே இரண்டு தடவையும் கிடைத்த பதில்.

உரிமையாளரின் நெருக்கடியும் எனக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் ஆரம்பித்தது. இடையில் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்து உதிரிப்பாகங்களின் விலை எங்கேயோ போயிற்று. பழைய லொறிகளை ஒட்டியும் கட்டியும் ஓட்டியே பலர் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் எவ்வளவு விலையானாலும், ஒரு லொறிப் பழத்தின் விலைக்குக் கிட்டவும் வராது. நட்டம் லொறிக்காரரோடு நிற்பதுமில்லை. பழத்தை ஏற்றிவிட்ட பதினொரு குடும்பங்களுக்கும் அன்று அரை விலையே கிடைத்தது. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஆகவே விளைபொருள் ஏற்றும் விவசாயிகள் சங்கங்கள் லொறியை ஒழுங்கு செய்யும்போது வாடகையை மட்டும் பேசாமல், சாரதி சொல்லும் குறைகளை எழுத ஒரு கொப்பி லொறியில் இருக்க வேண்டும் என்றும், எழுதிய குறை திருத்தப்படாமல் லொறி நின்றால் அந்த நட்டம் சாரதியின் தலையில் விழக்கூடாது என்றும் பேசிக்கொள்ள வேண்டும். பங்குனி முடிவதற்குள், வெயில் கடுமையாகும் முன்னர், ஹோஸ்களைக் கழற்றிக் கழுவ அரை நாள் ஒதுக்குவதும் அந்தப் பேச்சில் அடங்க வேண்டும். அந்த அரை நாளுக்கும் சாரதிக்குக் கூலி உண்டு.

அந்தச் சாரதியை அண்மையில் மீண்டும் கண்டேன். இப்போதும் அதே லொறிதான். இருக்கைக்குக் கீழே ஒரு ஹோஸும் இரண்டு அகலப்பட்டிக் கிளிப்புகளும் வைத்திருக்கிறார். தன் சொந்தக் காசில் வாங்கினாராம். கழித்த கூலியோடு சேர்த்து அந்தக் காசையும் உரிமையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டும்.