எல்லா விதையும் ஒரே வருஷம் முளைப்பதில்லை

மார்ச் வந்தால் டெக்சஸில் இருக்கும் நம் குடும்பங்கள் பிள்ளைகளை நெடுஞ்சாலையோர நீலப் பூக்களுக்கு நடுவே உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். (மிதிபட்ட செடி விதை தராது. ஓரமாக நின்று எடுத்தாலும் படம் நன்றாகவே வரும்.) அது டெக்சஸ் புளூபானெட், ஓரடி உயரம். அதற்குப் பாலைவனத்தில் ஒரு சொந்தம் உண்டு. வாலிபர் ஐக்கியத்தில் ஊழியம் செய்யும் நாங்கள் எழுத வந்தது அதைப் பற்றி.

பிக் பெண்ட் புளூபானெட் மேற்கு டெக்சஸில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய சிவாவா பாலைவனத்தில் வளர்கிறது. ஹூஸ்டனிலிருந்து காரில் ஒன்பது மணி நேரமாவது ஆகும். சரளைக்கல் நிலத்திலும் நல்ல வருஷத்தில் மூன்றடி வரை நிற்கும். அதன் தாவரவியல் பெயரில் இருப்பவர் வாலரி ஹவார்ட் என்ற ராணுவ மருத்துவர். நோயாளிகளோடு செடிகளையும் கவனித்தவர். மருத்துவமனையில் வேலை செய்யும் எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

இலையுதிர் காலத்து மழையில் விதை முளைக்கிறது. குளிர்காலம் முழுவதும் தரையோடு ஒட்டிய இலைவட்டம் மட்டும்தான் தெரியும். ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், ஆனால் ஆணிவேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பூ. விதை விட்டதும் செடி காய்ந்துவிடும்.

அந்த விதையின் தோல் மிகக் கடினம், தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. ஒரே செடியின் விதைகளில் சில முதல் வருஷமே முளைக்கும், மற்றவை பல வருஷம் மண்ணில் கிடந்து முளைக்கும். அவசரப்படுகிறவர்கள் உப்புத்தாளால் தேய்த்து விதைப்பார்கள், அமிலத்தில் ஊறவைப்பதும் உண்டு. சீக்கிரம் முளைத்துவிடும். தோட்டத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது, சரி. பாலைவனத்தில் எல்லாம் ஒன்றாக முளைத்து அடுத்த மழை பொய்த்தால், அந்தச் சரிவில் அந்தச் செடியே இருக்காது.

இனி நம் சபைகளின் கிராஜுவேஷன் சண்டேக்கு வருவோம். பிள்ளைகளை முன்னே அழைத்து, யாருக்கு எந்தக் கல்லூரி என்று வாசிக்கிறோம், கைதட்டுகிறோம். கம்யூனிட்டி காலேஜ் போகிறவன் அன்று ஆராதனைக்கு வருவதில்லை. ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறேன் என்ற பெண்ணின் அம்மா சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டு வரிசையில் "எங்கே கிடைத்தது?" என்று கேட்கும் அங்கிள், ஆன்ட்டிகள் பாசமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று பதினேழு வயதில் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் வேலையில் பார்க்கிறோம். அவர்களிடம் பேசினால் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

"அப்படியானால் பிள்ளைகளைச் சும்மா விடச் சொல்கிறீர்களா?" என்பீர்கள். இல்லை. காலையில் கடையில் வேலை, மாலையில் இரண்டு வகுப்பு என்று ஓடுகிற பையன் சும்மா இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. நமக்கு இலைவட்டம் மட்டும் தெரிகிறது, அவ்வளவுதான். நிஜமாகவே சோர்ந்து படுத்துவிட்ட பிள்ளைக்கு வைத்தியம் வேண்டும், ஜெபத்தோடு கூட. அதை மேடையில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

டெக்சஸ் சட்டசபை 1901-ல் ஒரே ஒரு புளூபானெட் இனத்தை மாநிலப் பூவாக்கியது. மற்ற இனங்களையும் சேர்க்க 1971 ஆகிவிட்டது. நமக்கு எழுபது வருஷம் வேண்டாம். இந்த ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைத்து ஜெபிக்கவும், கல்லூரிப் பெயர்களை வாசிக்காமல் விடவும் போதகரிடமும் கமிட்டியிடமும் கேட்டிருக்கிறோம். பெற்றோர் மே முதல் ஞாயிறுக்குள் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதித் தந்தால் போதும்.