ஆய்வுகூடச் சாவி யாரிடம்?



ஓ.எல். ரிசல்ட் வந்தால் நம்ம ஊர்ச் சந்தியில் 9ஏ எடுத்த பிள்ளைக்கு பேனர் கட்டுகிறோம். சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "நீலப் பாசிச்சாயத்தாள் அமிலத்தில் என்ன நிறமாகும்?" "சிவப்பு" என்று உடனே பதில் வரும். "நீங்க கண்ணால கண்டீங்களா மகள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனம்தான்.

கொப்பியில் எல்லாம் இருக்கும். நோக்கம், உபகரணங்கள், அவதானம், முடிவு. அத்தனையும் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. அவதானிக்காமலே அவதானம் எழுதப் பழக்குகிறோம். இது விஞ்ஞானம் அல்ல, காணாததற்குச் சாட்சி சொல்லக் கற்றுக்கொடுப்பது.

கேட்டால் சில சாட்டுகள் சொல்வார்கள்.

"பொருள் இல்லை." வேலியில் செவ்வரத்தை பூக்கவில்லையா? பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, தேசிக்காய்ச் சாறு விட்டால் சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். 1664இல் றொபேட் பொயில் எழுதியதும் வயலட் பூச்சாற்றின் நிறமாற்றத்தைப் பற்றித்தான்.

"ஆபத்து." பிள்ளை வீட்டில் என்ன செய்கிறது? கழிவறை கழுவும் ஐதரோகுளோரிக்கமிலத் திரவத்தோடு, துணி வெளுக்கும் பிளீச்சையும் சேர்த்து ஊற்றினால் குளோரீன் வாயு வரும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. செறிந்த அமிலத்தை ஐதாக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் மெதுவாக விட வேண்டும், மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். இதை ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது பழகாத பிள்ளை வேறெங்கே பழகும்?

"நேரமில்லை, பாஸ் பேப்பர் செய்ய வேண்டும்." பூச்சாறு பரிசோதனைக்குப் பாடவேளை ஒன்று போதும். வெள்ளைச் சேட்டில் பட்ட மஞ்சள் கறை சவர்க்காரம் போட்டதும் ஏன் சிவக்கிறது, தேசிக்காய் பட்டதும் ஏன் திரும்ப மஞ்சளாகிறது என்று செய்து பார்த்த பிள்ளைக்கு 'காட்டி' என்ற சொல்லைப் பாடமாக்கத் தேவையில்லை.

உண்மையான காரணம் வேறு. சோதனைக்குழாய் உடைந்தால் இன்வென்ட்ரிக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். அதனால் அலுமாரிக்குப் பூட்டு. குழாய் உடையாது, உண்மைதான். பிள்ளையின் படிப்புத்தான் உடைகிறது. நானும் ஆசிரியர்தான். செய்து காட்டிக் கற்பிக்கத்தான் கலாசாலையில் நமக்குப் பயிற்சி தந்தார்கள், நோட்ஸ் சொல்லிக்கொடுக்க அல்ல.

மேடை ஏறினால் ஜாபிர் இப்னு ஹையான் எங்கள் ஆள் என்று மார்தட்டுகிறோம். அவர் பெயரில் வழங்கும் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வதே செய்து பார் என்பதைத்தான். அவர் பெயரை விழாவுக்கு எடுத்துக்கொண்டு, அவர் வழியை அலுமாரிக்குள் பூட்டிவிட்டோம்.

பெற்றோர்களே, டியூசனுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறீர்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். ஆய்வுகூடச் சாவி யாரிடம்? கடைசியாக எப்போது திறந்தார்கள்? இந்தத் தவணையில் என் பிள்ளை தன் கையால் எத்தனை பரிசோதனை செய்தது?

பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.