உணராத பாதமும் உணரும் காலணியும்



நடக்கையில் நம் பாதத்தின் எப்பகுதி எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. பாரம் வெளியோரமாக முன்னேறி விரல்களின் அடிமேட்டை அடைகிறது. பெருவிரல் உந்த, அடுத்த அடி பிறக்கிறது. இதனை அளந்து காட்ட, காலணிக்குள் இடும் மெல்லிய அட்டைகள் இப்போது வந்துள்ளன. அவற்றில் பதிந்துள்ள உணரிகள் அழுத்தத்தை மின்குறியாக மாற்றி அனுப்ப, பாரம் மிகுந்த இடம் திரையில் சிவந்து தெரிகிறது. நிற்பதிலும் நடப்பதிலும் உள்ள கோணலை அறிய இது உதவும். ஆயினும் இதன் மெய்யான தேவை, பாதத்தில் உணர்வு இழந்தோருக்கே.

1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமே அழுகி உதிர்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. அன்று, வலி தெரியாமையே அச்சேதத்திற்குக் காரணம் என்று அவர் காட்டினார். முள்ளும் ஆணியும் மட்டுமல்ல, அன்றாட நடையே பகையாகிறது. நெடுந்தூரம் நடந்தால் நாம் அறியாமலே நடையை மாற்றி, நோகும் இடத்தைக் காத்துக்கொள்கிறோம். உணர்வற்றவரோ முதல் அடியைப் போலவே ஆயிரமாவது அடியையும் வைக்கிறார். ஒரே இடம் ஓயாமல் அடிபட்டு உள்ளே புண்ணாகிறது.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், அழுத்தம் மிகுந்தால் உடைந்து சாயம் கசியும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறைகளை அவர் குழுவினர் பயன்படுத்தினர். அடுத்து, கையிலும் காலிலும் மின் உணரிகளைப் பொருத்தி, ஆபத்தின்போது ஒலியெழுப்பச் செய்தனர். ஒலியை நோயாளர் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். செய்ய விரும்பிய வேலைக்கு அது இடையூறானபோது நோயாளர் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள்! அம்முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்தமுடியாதது என்பதாலன்றோ வலி நம்மைக் காக்கிறது? இன்றைய அட்டைகளை விற்போர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

சென்னை ஐ.ஐ.டி.யினரும் தொழுநோயாளர், நீரிழிவுற்றோர் ஆகியோரின் பாத அழுத்தத்தைக் கண்ணாடித் தட்டின்மேல் ஒளியால் அளந்து ஆராய்ந்துள்ளனர். தட்டு சில அடிகளையே காணும். காலணிக்குள் இருக்கும் அட்டையோ நாள் முழுதும் உடன் நடக்கும். அதுவே அதன் சிறப்பு.

சர்க்கரை ஆலையால் பேர்பெற்ற நம் நெல்லிக்குப்பத்திலும் சர்க்கரை நோயாளர் உண்டு. (ஆலையின்மேல் பழியில்லை!) நோய் நீடித்தால் பாதம் மரத்துப்போகும். வலிக்கவில்லையே என்று அவர்கள் மகிழ்வதுதான் நமக்கு அச்சம் தருகிறது. மருத்துவர் எழுதித்தரும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பையும், அது தொழுநோயாளர் அணிவதாயிற்றே என்று நாணி ஒதுக்குவோர் உளர். அந்த நாணம் ஒரு காலையே விலையாகக் கேட்கக்கூடும்.

விலையுயர்ந்த அட்டை வாங்க இயலாத வீட்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. இரவில் அதைத் தரையில் வைத்து, மேலே பாதத்தை நீட்டினால், குனிய முடியாத முதியவரும் உள்ளங்காலைக் காணலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு தெரிந்தால் மறுநாளே மருத்துவரிடம் செல்க. கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். காலையில் செருப்பை அணியுமுன், உள்ளே கல் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் அவர்கள் வேலையாகவே இருக்கட்டும்.