புகழுரை போதுமா?

தமக்குப் பிடித்த கணிப்பொறி மொழியை வானளாவப் புகழ்வதும், பிறவற்றை இகழ்வதும் ஆர்வலர் சிலரின் வழக்கம். இதனால் அம்மொழி பரவுமா? 'ரூபி'யின் கதையைக் காண்போம். ஜப்பானியரான மாட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட மொழி அது. விளக்கங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தமையால், வெளிநாட்டார் அதனை அதிகம் அறிந்திலர். அதில் உள்ளம் பறிகொடுத்த டேவ் தாமஸ், ஆண்டி ஹண்ட் இருவரும் 2000இல் ஆங்கிலத்தில் நூலொன்று எழுதினர். என்னைக் கேட்டால் இதுவே பெருந்தொண்டு. படிக்க நூலில்லாத மாணவனுக்குப் புகழுரையால் ஆவதென்ன? பின்னர் 2004இல் டென்மார்க் இளைஞர் டேவிட் ஹேன்சன், இணையதளங்களை விரைந்து அமைக்க உதவும் 'ரெயில்ஸ்' என்னும் கட்டமைப்பை ரூபியில் படைத்து இலவசமாகவே வழங்கினார். அதற்காகவே ரூபி கற்றோர் ஏராளம்! அவர்களுள் எத்தனை பேர் வாதத்தில் தோற்று வந்தவர்கள்?